‘ஐ7, 16 ஜிபி, 1 டிபி’

இந்தியப் பல்கலைக்கழகங்களின் கொள்முதல் கோப்புகளில் ஒரு வரி பல ஆண்டுகளாக இறவாமல் வாழ்ந்துவருகிறது: ‘மேசைக்கணினி, ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 1 டிபி ஸ்டோரேஜ், எண்ணிக்கை ஒன்று.’ துறை மாறலாம், ஆய்வுப் பொருள் மாறலாம், வரி மாறுவதில்லை. மரபணு வரிசைகளை ஒப்பிடுபவருக்கும், குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவைப் பகுத்தாய்பவருக்கும், பழைய அச்சு நூல்களைப் படிக்க எழுத்துணரியைப் பழக்குபவருக்கும் இதே வரிதான். இதை எழுதியவர் யாரெனத் தேடினால் சென்ற ஆண்டின் கோப்பு கிடைக்கும். அதற்கு மூலம் அதற்கு முந்தைய ஆண்டின் கோப்பு. ஆய்வேட்டில் ஒரு பத்தியை இவ்வாறு நகலெடுத்தால் கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் பிடித்துவிடும். ஒரு லட்ச ரூபாய்ப் பொதுப்பணத்தைச் செலவிடும் வரியை நகலெடுத்தாலோ, அதற்கு ‘நடைமுறை’ என்று பெயர்.

உதிரிபாகங்களைத் தேர்ந்து, விலை வகுத்து, ஒரு கணினியைத் தொகுப்பது கடைக்காரரின் தொழில் அல்லது பொழுதுபோக்காளரின் விளையாட்டு என்றே கல்விப்புலம் கருதிவருகிறது. உண்மையில் அது ஆய்வு முறையியலின் ஒரு பகுதி. எத்தனை பேரிடம் நேர்காணல் செய்யவேண்டும், எந்த ஆவணக்காப்பகத்துக்கு எத்தனை நாள் செல்லவேண்டும் என்று கணக்கிடுவதைப் போலவே, எவ்வளவு தரவு ஒரே நேரத்தில் நினைவகத்தில் நிற்கவேண்டும், எந்தக் கணிப்பு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதையும் கணக்கிட்டாக வேண்டும். அக்கணக்கைச் செய்யாதவர் தம் ஆய்வின் அளவை இன்னும் அறியாதவர். அக்கணக்கைச் செய்தவரிடமிருந்து பட்டியலைப் பிடுங்கி, பழைய வரியை ஒட்டித் தரும் அலுவலகமோ, ஆய்வைத் தொடங்கும் முன்பே அதன் கையை ஒடித்துவிடுகிறது.

அந்த வரியைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் அதன் வெறுமை விளங்கும். ‘ஐ7’ என்பது ஒரு பிராசஸரின் பெயரன்று. ஒரு குடும்பப் பெயர். 2017இல் வந்த ஐ7-7700க்கு நான்கு கோர்கள். 2022இல் வந்த ஐ7-12700க்குப் பன்னிரண்டு. அதே 12700இலும் ‘டி’ என்ற எழுத்து ஒட்டியது 35 வாட் அடிப்படைத் திறனில் இயங்குவது, ‘கே’ ஒட்டியது 125 வாட்டில் இயங்குவது. இரவெல்லாம் ஓடும் கணிப்பில் இவ்விரண்டும் ஒன்றாகா. ஆனால் ஒப்பந்தப்புள்ளியின் கண்ணுக்கு இவை அனைத்தும் ‘ஐ7’. இப்பெயரிடும் முறையையே இன்டெல் நிறுவனம் மாற்றத் தொடங்கிவிட்ட பிறகும் கோப்பில் ‘ஐ’ உயிரோடிருக்கிறது. ‘16 ஜிபி’ என்ற நிபந்தனையை ஒரே 16 ஜிபி ரேம் நிறைவேற்றும். இரண்டு 8 ஜிபி ரேம்களும் நிறைவேற்றும். முதலாவதில் ஒரு தடமே திறந்திருப்பதால் நினைவகத்தின் உச்ச வேகம் பாதியாகிவிடும். ‘1 டிபி’யைச் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் நிறைவேற்றும், நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும் சாட்டா எஸ்எஸ்டியும் நிறைவேற்றும், அதன் ஆறு மடங்கைத் தாண்டும் என்விஎம்இ எஸ்எஸ்டியும் நிறைவேற்றும். மிகக் குறைந்த விலை சொன்னவரே ‘எல்1’ என்றால், ஒவ்வொரு சொல்லுக்கும் மிக மலிவான பொருள் எதுவோ அதுவே வந்து சேரும். விற்பவரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. கேட்டதை அவர் தந்துவிட்டார்.

அந்த வரியில் இடம்பெறாத உறுப்புதான் பெருங்கேடு விளைவிக்கிறது: எஸ்எம்பிஎஸ். அலுவலகப் பயன்பாட்டுக்கெனத் தயாராகும் பெருநிறுவனப் பெட்டிகள் பலவற்றில் 180, 260 வாட் அளவிலான மின்வழங்கியே இருக்கும். அதன் வடிவமும் இணைப்பு முனைகளும் சந்தையின் பொது அளவுக்குப் பொருந்தாமல் அந்நிறுவனத்துக்கே உரியவையாக இருப்பதும் உண்டு. இரண்டாம் ஆண்டில் நிதி வந்து, ஆய்வாளர் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்க. ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும். அதற்குத் தயாரிப்பாளர் பரிந்துரைப்பது 550 வாட் மின்வழங்கி. கார்டைச் செருக இடமுண்டு, ஊட்ட மின்சாரமில்லை. மின்வழங்கியை மாற்றலாம் என்றால் மதர்போர்டின் முனை பொருந்தாது. மதர்போர்டை மாற்றலாம் என்றால் பெட்டியின் துளைகள் பொருந்தா. கடைசியில் கார்டு அலமாரியில், பெட்டி மேசையில், ஆய்வாளர் கணினி மையத்தின் வாசலில். பொது அளவிலான கேபினெட்டும் தரமான 650 வாட் மின்வழங்கியும் முதல் நாளிலேயே பட்டியலில் இருந்திருந்தால் இந்த அவலத்துக்கு இடமே இல்லை. விலையிலும் அவை பட்டியலின் சிறு உறுப்புகளே.

திட்டமிடல் என்பது விலையுயர்ந்ததைத் தேடுவது என்று எண்ணுவோர், ஒரே ஒரு லட்ச ரூபாயை இரண்டு ஆய்வாளர்கள் எவ்வாறு பிரிக்கவேண்டியிருக்கும் என்று பார்க்கட்டும்.

முதலாமவர் மக்கள்தொகை ஆய்வாளர். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 7,24,115 பெண்களிடம் தகவல் பெறப்பட்டது. அந்தக் கோப்பில் ஆயிரக்கணக்கான மாறிகள். மாறிகள் 5,000 என்றும் ஒரு மதிப்புக்கு 8 பைட் என்றும் கொண்டால், முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் திறக்க ஏறத்தாழ 29 ஜிபி வேண்டும். ‘ஆர்’ மொழி தரவை நினைவகத்தில் வைத்தே இயங்குவது. இடையே ஒரு நகல் எடுத்தால் தேவை இரட்டிக்கும். இவருக்குக் கிராபிக்ஸ் கார்டு ஒரு ரூபாய்க்கும் வேண்டாம். பிராசஸரிலேயே அமைந்த வரைகலை போதும். பணம் 64 ஜிபி ரேமுக்கும் வேகமான எஸ்எஸ்டிக்கும் நல்ல திரைக்கும் போகவேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. தமக்கு வேண்டிய நூறு மாறிகளை மட்டும் தேர்ந்து திறந்தால் அதே கோப்பு அரை ஜிபி அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது 16 ஜிபியே மிகை. இதை முன்கூட்டி உணர்ந்து மிச்சப் பணத்தைக் களப்பணிக்குக் கேட்பவரே நல்ல திட்டக்காரர்.

இரண்டாமவர் மொழி மாதிரிகளோடு பணிபுரிபவர். 700 கோடி அளவுருக்கள் கொண்ட ஒரு மாதிரியை 16 பிட் நுட்பத்தில் ஏற்ற 14 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் வேண்டும். 4 பிட்டுக்குச் சுருக்கினால் எடைகளுக்கு 3.5 ஜிபி போதும், இயங்குவதற்குச் சற்றுக் கூடுதலாகும். அதே மாதிரியை முழுமையாகப் பயிற்றுவிக்க, வழக்கமான முறையில் ஓர் அளவுருவுக்குச் சுமார் 16 பைட் என்று கணக்கிட்டால் 112 ஜிபி. அது எந்த மேசைக்கணினியின் வேலையும் அன்று. அதற்குப் பணம் கேட்பதும் வீண். ஆனால் சுருக்கிய மாதிரியின் மேல் சிறு அடுக்கொன்றை மட்டும் பழக்குவது 12 அல்லது 16 ஜிபி கார்டில் இயலும். எனவே இவருடைய பட்டியலில் பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கே போனாலும் அது ஊதாரித்தனமாகாது. இங்கும் புதியது, பெரிய எண் என்பவை வழிகாட்டா. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060க்கு 12 ஜிபி வகை உண்டு; 2023இல் வந்த 4060க்கு 8 ஜிபிதான்; 2025இல் வந்த 5060க்கும் 8 ஜிபிதான். விளையாட்டுக்குப் புதியது மேல். மாதிரியை ஏற்றுவதற்கு, ஏற இடமிருப்பதே மேல். ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்ற சொற்றொடர் இன்னும் கோப்புகளில் தென்படுகிறது. அது இருவரில் எவருக்கும் பயன்படாது.

இந்த இருவருக்கும் ‘ஐ7, 16 ஜிபி, 1 டிபி’ என்ற ஒரே பெட்டியை வழங்குவதைச் சமத்துவம் என்று எவரும் வாதிடமாட்டார். ஆயினும் அலுவலகம் மூன்று வாதங்களை வைத்திருக்கிறது. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்வதே முறை.

முதல் வாதம் பொது நிதி விதிகள் 2017இன் 157ஆம் விதி. உயர் அதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காக ஒரு தேவையைச் சிறு சிறு கொள்முதலாகப் பிரிக்கலாகாது என்பது அதன் பொருள். உதிரிபாகங்களின் பட்டியல் வந்தவுடன் ‘இது பிரித்து வாங்குவது’ என்று கோப்பைத் திருப்பி அனுப்ப இவ்விதி எடுத்தாளப்படுகிறது. விதி தடுப்பது ஒப்புதலை ஏய்ப்பதை, பட்டியல் போடுவதையன்று. மொத்தத் தொகைக்கு ஒரே ஒப்புதல், உறுப்புகள் அனைத்தையும் விவரிக்கும் ஒரே பட்டியல், அவற்றை வழங்கிப் பொருத்தித் தரும் ஒரே விற்பனையாளர் என்றால் பிரிவினை எங்கே? அரசின் ஜெம் இணையச் சந்தையிலேயே பொருட்பட்டியல் அடிப்படையில் ஏலம் கேட்கும் வழி இருக்கிறது. மேலும் அதே விதித்தொகுப்பின் 144ஆம் விதி, கொள்முதல் செய்யும் நிறுவனத்தின் குறிப்பான தேவையை மனத்திற்கொண்டு பொருளின் தன்மைகளைத் தெளிவாக வரையறுக்கச் சொல்கிறது. தேவையற்ற கூறுகளைச் சேர்க்காதே என்கிறது. வணிகப் பெயரைச் சுட்டாமல் செயல்திறனைச் சுட்டு என்கிறது. ‘ஐ7’ என்பது வணிகப் பெயர். ‘இரு தடங்களில் 64 ஜிபி டிடிஆர்5 நினைவகம், மேலும் இரண்டு செருகிடங்கள் காலியாக’ என்பது செயல்திறன். விதியை மீறிக்கொண்டிருப்பவர் யார் என்பதை அலுவலகமே முடிவு செய்யட்டும்.

இரண்டாம் வாதம், ஜெம்மில் உள்ளதை ஜெம்மிலேயே வாங்கவேண்டும் என்பது. அதற்கும் 2025 ஜூனில் ஒரு தளர்வு வந்தது: ஆய்வுப் பணிக்கான சிறப்புக் கருவிகளை ஜெம்முக்கு வெளியே வாங்க நிறுவன இயக்குநர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் அதிகாரம் தரப்பட்டது, விலைப்புள்ளி கோராமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. ஓர் ஆய்வாளரின் கணினி ஏறக்குறைய முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்கும். எனினும் தணிக்கை வருமே என்ற அச்சத்தில் அந்த அதிகாரம் பயன்படுத்தப்படாமல் கிடந்தால், தளர்வு ஆணை அறிவிப்புப் பலகைக்கு அழகு சேர்ப்பதோடு சரி.

மூன்றாம் வாதம் மட்டும் உண்மையில் கனமானது: பழுதானால் யாரைக் கேட்பது? பெருநிறுவனப் பெட்டிக்கு மூன்றாண்டு உத்தரவாதம், ஒரே தொலைபேசி எண். உதிரிபாகங்களுக்கோ உறுப்புக்கு ஒரு உத்தரவாதம், உறுப்புக்கு ஒரு சேவை மையம். சிறுநகரப் பல்கலைக்கழகத்துக்கு இது மெய்யான இடர். அங்கே பெட்டியாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் நேரு பிளேஸ் உள்ள தில்லியிலும், எஸ்.பி. ரோடு உள்ள பெங்களூரிலும், லேமிங்டன் ரோடு உள்ள மும்பையிலும் இவ்வாதம் வலுவிழக்கிறது. பொருத்தித் தருபவரே மூன்றாண்டு பராமரிக்கவேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக எழுதத் தடையில்லை. தனி உறுப்புகளுள் பலவற்றின் உத்தரவாதம் பெட்டியின் உத்தரவாதத்தைவிட நீண்டது; நல்ல எஸ்எஸ்டிக்கு ஐந்தாண்டு, நல்ல மின்வழங்கிக்கு ஏழாண்டும் பத்தாண்டும்கூட உண்டு. ஆய்வோ பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் ஆண்டில்தான் உச்சத்தை எட்டுகிறது. அப்போது பெட்டியின் தொலைபேசி எண் ஓய்ந்திருக்கும்.

அலுவலகத்தை மட்டும் சாடிவிட்டு ஆய்வாளர்களை விட்டுவிடுவது நேர்மையாகாது. தம் தேவையை எழுதித் தரும்படி கேட்டால் ‘உயர்தரக் கட்டமைப்பு’ என்று இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வோர் உண்டு. நெறியாளரோ கையொப்பமிடுவதோடு சரி. இன்னொரு சாரார் விளையாட்டுக் கணினிக் காணொளிகளைப் பார்த்து, வண்ண விளக்கு எரியும் ரேமையும் கண்ணாடிக் கேபினெட்டையும் நீர்க்குளிரூட்டியையும் பட்டியலில் சேர்த்துவிடுகின்றனர். கொள்முதல் குழு அதைக் கண்டு சிரிக்கிறது. அடுத்து வரும் பத்து நியாயமான பட்டியல்களும் அந்தச் சிரிப்பில் அடிபட்டுப்போகின்றன. யூபிஎஸ்ஸை மட்டும் இரு சாராரும் மறந்துவிடுவர். 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தரும். கார்டும் பிராசஸரும் திரையும் சேர்ந்து உழைக்கும் கணினிக்கு அது மூச்சுத்திணறல். வாரயிறுதியில் குளிரூட்டியை நிறுத்திவிடும் ஆய்வுக்கூடத்தில், தில்லியின் ஜூன் வெயிலில், இரு கூடுதல் விசிறிகள் எந்த வண்ண விளக்கையும்விட உதவும்.

‘மேகக் கணிமை இருக்கும்போது மேசைக்கணினி எதற்கு’ என்ற கேள்வி இப்போது குழுக்களில் புதிதாக எழுகிறது. தேசிய மீக்கணினித் திட்டத்தின் பரம் கணினிகள் இருக்கின்றன. இந்தியா ஏஐ திட்டத்தின்கீழ் மானிய விலையில் கிராபிக்ஸ் திறன் வாடகைக்குக் கிடைக்கிறது. பெரிய பயிற்சிக்கு அவையே வழி. ஆனால் ஆய்வின் பெரும்பகுதி பெரிய பயிற்சியன்று. நிரலில் பிழை தேடுவது, தரவைத் துப்புரவாக்குவது, நூறு முறை சிறிதாக ஓட்டித் தோற்பது. மணிக்கணக்கில் வாடகை ஓடும் இடத்தில் எவரும் நிதானமாகத் தோற்கத் துணிவதில்லை. நேர்காணலின்போது ஒலிப்பதிவில் மறைகாப்பு உறுதி தந்த மானுடவியலாளர், அந்தப் பதிவை வெளியாரின் வழங்கியில் ஏற்றவும் இயலாது.

இவையனைத்தும் யாருடைய பணத்தில் நிகழ்கின்றன என்பதையும் பேசியாக வேண்டும். நிறுவனம் தந்த பெட்டி உதவாதபோது ஆய்வாளர் தம் கையிலிருந்து வாங்குகிறார். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது பெறுபவர் எப்படியோ சமாளிப்பார். நெட் உதவித்தொகை பெறாத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். ஒரு லட்ச ரூபாய்க் கணினி என்பது அவருக்குப் பன்னிரண்டரை மாத வாழ்க்கை. யூஜிசி உதவித்தொகையில் மானுடவியல், சமூக அறிவியல் ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தரப்படும் சில்லறைச் செலவுத் தொகை ஆண்டுக்கு 10,000. ஈராண்டும் சேர்த்து ஒரு நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டுக்கே எட்டாது. இதில் வரி வேறு. ஒரு லட்சத்தில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி போகப் பொருளுக்குச் சேர்வது 84,746 ரூபாய். பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் கணினி உள்ளிட்ட கருவிகளுக்கு 5 விழுக்காடு மட்டும் செலுத்தும் சலுகை 2022 ஜூலை 18 வரை இருந்தது. இருந்திருந்தால் 95,238 ரூபாய்க்குப் பொருள் வந்திருக்கும். ஒரே கையெழுத்தில் ஒவ்வொரு லட்சத்திலும் பத்தாயிரத்துக்கு மேல் கரைந்தது. அதை எதிர்த்துத் துறைக் கூட்டங்களில் எழுந்த குரல்கள் எத்தனை?

விலையும் நில்லாதது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் நுகர்வோர் வணிகத்தைக் கைவிடுவதாகவே அறிவித்தது. விண்ணப்பத்தில் எழுதிய விலை, நிதி வந்து சேரும் நாளில் பழங்கதையாகியிருக்கும். திட்டமிட்ட பட்டியல் இருந்தால் எதைக் குறைக்கலாம், எதைப் பிறகு சேர்க்கலாம் என்று ஆய்வாளர் சொல்லமுடியும்: இப்போது 32 ஜிபி போதும், இரண்டு செருகிடங்கள் காலியாக இருக்கட்டும், விலை இறங்கியபின் மீதி. ஒற்றை வரிக் கோப்புக்கு இவ்வசைவு தெரியாது. மார்ச் 31 நெருங்கும்போது அது கையிலுள்ள பணத்துக்கு எந்தப் பெட்டி கிடைக்குமோ அதை வாங்கிவிடும்.

இருப்புப் பதிவேட்டிலும் அதே ஒற்றை வரிதான்: ‘கணினி – 1.’ உறுப்புக்கு ஒரு வரி என்று பதிவேடு இருந்தால், ஐந்தாம் ஆண்டில் மதர்போர்டையும் பிராசஸரையும் மட்டும் கழித்துவிட்டு, கேபினெட்டும் மின்வழங்கியும் எஸ்எஸ்டியும் அடுத்த ஆய்வாளருக்குப் போகும். இப்போதைய பதிவேட்டின்படி நல்ல உறுப்பும் கெட்ட உறுப்பும் சேர்ந்து ஒரே பெட்டியாய்க் கிடங்கின் மூலையில் ஏலத்துக்குக் காத்திருக்கின்றன. ஏலக் குறிப்பிலும் ஐ7, 16 ஜிபி, 1 டிபி என்றுதான் எழுதியிருக்கும்.